பழைய காரைக் கடல் தாண்டிக் கொண்டுபோவது: திருநெல்வேலிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு ஷெட்டில் 1972ஆம் வருடத்து அம்பாசிடர் மார்க் 2 ஒன்று நிற்கிறது. அப்பா ஓட்டிய வண்டி. போன தை மாதம் அதைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி, இலங்கையில் மூன்று வாரம் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தோம். அன்றிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியிலும் சரி, வண்ணார்பேட்டை ஒர்க்‌ஷாப்பிலும் சரி, ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அண்ணாச்சி, எங்க வீட்டிலும் ஒரு ஃபியட் நிக்குது. முதலில் எதைப் பார்க்கணும்?

ஆர்.சி. புத்தகத்தை. இன்ஜினை அப்புறம் பார்க்கலாம்.

நம் பக்கத்துப் பழைய வண்டிகளில் பாதி இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோதான் இருக்கும். ஊருக்குள் ஓட்டும்வரை யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டுச் சுங்கத்தில் வண்டியின் உரிமையாளர் நேரில் நிற்க வேண்டும், அல்லது அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் வேண்டும். இறந்தவரிடம் கையெழுத்து வாங்க முடியாது. எனவே படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றுவது முதல் வேலை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரிடமும் சம்மதக் கடிதம் கேட்பார்கள். எனக்கு மூன்று மாதம் ஆனது. அதில் இரண்டரை மாதம் எங்கள் வீட்டுக்குள்ளேயே போனது, ஆர்.டி.ஓ. ஆபீஸைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்தது இன்ஜின் எண். 1980, 90களில் பெட்ரோல் அம்பாசிடரைக் கழற்றி மாட்டடார் டீசல் இன்ஜின் வைத்தவர்கள் நம்மில் ஏராளம். அதை ஆர்.சி.யில் ஏற்றியவர்கள் குறைவு. பானட்டைத் திறந்து, இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் துணியால் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். எஃப்.சி. காட்டும்போது செய்வதுதான். புத்தகத்தில் உள்ளதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். நிறமும் ஒத்திருக்க வேண்டும். புத்தகத்தில் கறுப்பு என்று இருந்து, ஷெட்டில் நிற்பது கிரீம் கலர் என்றால் அதையும் முதலில் திருத்த வேண்டும்.

கார்னே, கார்னெட் என்கிறார்களே, அது என்ன?

பிரெஞ்சுச் சொல். கார்னே என்பதே சரியான உச்சரிப்பு. துறைமுகத்தில் எல்லாரும் கார்னெட் என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டு வண்டி ஒன்று உள்ளே வந்தால், விற்பதற்காகத்தான் வந்திருக்கிறது என்று அந்த நாட்டுச் சுங்கம் சந்தேகப்படும். விற்றால் இறக்குமதி வரி கட்ட வேண்டும். ‘நான் விற்க மாட்டேன், திரும்பக் கொண்டுபோய்விடுவேன், மீறினால் வரியை எங்கள் ஊர் மோட்டார் சங்கம் கட்டும்’ என்று எழுதிக்கொடுக்கும் ஜாமீன் புத்தகம்தான் கார்னே.

5, 10, 25 பக்கங்களில் கிடைக்கிறது. ஒரு நாட்டுக்குள் ஒரு முறை போய்வர ஒரு பக்கம். பக்கத்தில் மூன்று துண்டு இருக்கும். உள்ளே நுழையும்போது ஒன்றைச் சுங்கத்தார் கிழித்து வைத்துக்கொள்வார்கள். வெளியேறும்போது இன்னொன்று. மூன்றாவது உங்களிடமே தங்கும். அதில் நுழைந்த முத்திரை, வெளியேறிய முத்திரை இரண்டும் விழுந்திருக்க வேண்டும். செல்லுபடி ஒரு வருடம்.

நான் மும்பையிலுள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் மூலம் வாங்கினேன். விண்ணப்பத்தில் வண்டியின் எண்கள், நிறம், இருக்கைகள், ரேடியோ, கூடுதல் டயர் எத்தனை என்பதுவரை கேட்பார்கள். இரண்டு ஸ்டெப்னி கொண்டுபோவதாக இருந்தால் இரண்டு என்றே எழுதுங்கள். திரும்பும்போது ஒன்று குறைந்தால் அதை அங்கே விற்றுவிட்டீர்களோ என்ற கேள்வி வரும்.

அதற்கு ஜாமீன் பணம் எவ்வளவு கட்ட வேண்டும்?

வண்டியின் மதிப்பு, போகும் நாடு இரண்டையும் பொறுத்தது. வரி அதிகமுள்ள நாட்டுக்கு ஜாமீனும் அதிகம். பேங்க் கியாரண்டியாகக் கொடுக்கலாம். பணம் செலவாகாது, முடங்கிக் கிடக்கும். அதனால் பெண் கல்யாணம், வீட்டு வேலை இருக்கிற வருடத்தில் இதில் இறங்காதீர்கள்.

50 வருடம் தாண்டிய வண்டிக்கு விண்டேஜ் நம்பர் தருகிறார்களாமே? அதை வாங்கிக்கொண்டு போனால் கௌரவமாக இருக்குமே?

2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாறாமல் இருக்கும் வண்டிக்கு, மாநில எழுத்துகளை அடுத்து ‘விஏ’ என்று வரும் தனி எண் தருவார்கள். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 வருடத்துக்கு.

ஆனால் அந்த எண் வாங்கிய வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது என்று சில காரியங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். என் வண்டிக்குத் தகுதி உண்டு, நான் வாங்கவில்லை. காய்கறி வாங்கவும் அதில்தான் போகிறேன். சாதாரணப் பதிவை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்து, பசுமை வரி கட்டி, அப்படியே வைத்திருக்கிறேன். வெளிநாட்டுப் பயணத்துக்கும் அதுவே குழப்பமில்லாதது.

தூத்துக்குடியில் காரோடு ஏறி, கொழும்பில் காரோடு இறங்கலாமா?

முடியாது. எல்லாரும் ஆசையாகக் கேட்பது இதைத்தான்.

கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வரும்வரை, மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்தவர்கள் தூத்துக்குடியில்தான் கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தத் தடத்துக்காகத்தான். 2011இல் ஸ்கோடியா பிரின்ஸ் என்று ஒரு பயணிகள் கப்பல் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடியது. சில மாதத்தில் நின்றுவிட்டது. 2023இல் தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலில் ஆட்கள் போகலாம், கார் போகாது.

அதனால் வண்டி சரக்காகப் போகும், நீங்கள் விமானத்தில் போவீர்கள். ஒரு வசதி நமக்கு உண்டு. தூத்துக்குடியில் ஏறும் கண்டெய்னர் பெட்டிகளில் நிறைய கொழும்பு போய்த்தான் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. ஆகவே அந்தத் தடத்தில் சிறிய கப்பல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கடலில் ஒரு ராத்திரிப் பயணம். பாளையங்கோட்டையிலிருந்து துறைமுகம் 50 கிலோமீட்டர்தான். மதுரைக்காரர்களுக்கும் கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது.

பெட்டியில் அனுப்புவதா, ரோ-ரோ கப்பலா?

ரோ-ரோ என்றால் வண்டியை ஓட்டியே கப்பலின் வயிற்றுக்குள் நிறுத்துவது. புதுக் கார் ஏற்றுமதிக்கு ஏற்றது. சாவியை முன்பின் தெரியாதவரிடம் கொடுக்க வேண்டும். ஸ்டியரிங் பக்கத்தில் கியர் இருக்கும் அம்பாசிடரை இந்தக் காலத்துப் பையன் ஒருவன் எப்படி ஓட்டுவான் என்று நினைத்தாலே எனக்குக் கிளட்ச் பிளேட் கருகுகிற வாடை வருகிறது. பெட்டிதான்.

இருபது அடிப் பெட்டிக்குள் அம்பாசிடர் நுழையுமா?

தாராளமாக. பெட்டியின் உள்நீளம் சுமார் 5.9 மீட்டர், உள்ளகலம் 2.35 மீட்டர். அம்பாசிடர் நீளம் 4.3 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் சுமார் 1.66. முன்னும் பின்னும் சேர்த்து ஒன்றரை மீட்டர் மிச்சம். ஃபியட் (பத்மினி) 3.93 மீட்டர்தான், இன்னும் சுலபம்.

சிக்கல் பக்கவாட்டில். நடுவில் நேராக நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் ஓரடிக்குச் சற்று மேல்தான் இருக்கும். அதில் கதவைத் திறந்து ஆள் வெளியே வர முடியாது. வண்டியை உள்ளே ஓட்டிச் சென்றவர் ஜன்னல் வழியாக இறங்கி, பானட்டில் கை வைத்து நகர்ந்து வர வேண்டும். என் வயிற்றுக்கு அது நடக்காது என்பதால் மைத்துனர் ஏற்றினார். ஏற்றுகிற அன்றைக்கு ஜன்னல் கண்ணாடி ஏற இறங்கச் சுலபமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது பாதியில் சிக்கி, கால் மணி நேரம் அவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். மாசி வெயில் இன்னும் வரவில்லை, தப்பித்தார்.

ஏற்றிய பிறகு நாலு சக்கரத்தையும் பெல்ட் போட்டுத் தரையிலுள்ள வளையங்களில் இழுத்துக் கட்டுவார்கள். பம்பரில் கட்ட விடாதீர்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை அடிப்பார்கள். அந்தக் கட்டையில் கோதுமைக் கதிர் படமுள்ள முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி போகச் சூடுகாட்டிய மரம் என்பதற்கு அதுதான் அடையாளம். முத்திரையில்லாத மரத்தோடு பெட்டி போய் இறங்கினால் அங்கே மறித்து வைப்பார்கள். பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும். டேங்கில் பெட்ரோல் அடியில் மட்டும் இருக்கட்டும். ஏற்றியதும் பெட்டியின் மொத்த எடையைச் சான்றோடு கொடுக்க வேண்டும்; 2016 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க இது கட்டாயம். கடைசியில் சீல் வைத்தவுடன் சீல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைகளுக்கு, சுங்கம், துறைமுகக் காரியங்களை நமக்காக முடித்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் தேவை. நாமே அலைந்து முடிக்கலாம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

கொழும்பில் உங்கள் வண்டி ஆறு நாள் மாட்டிக்கொண்டதாமே?

ஆமாம். நான் செய்த தவறு, அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

என் இன்ஜின் எண் துருவேறிப் போயிருந்தது. ஏஜென்ட் ஆபீஸில் வேலை செய்த பையன் நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்து, ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் எண்ணை ஏற்றினான். 3 இருக்க வேண்டிய இடத்தில் 8. சரிபார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினார்கள். நான் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். போனில் பார்த்துவிட்டு ‘சரி’ என்று பதில் போட்டேன். கார்னேயில் 3, கப்பல் காகிதத்தில் 8.

கொழும்புச் சுங்க அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். இரண்டு காகிதமும் ஒரே வண்டியைச் சொல்லவில்லையே, நான் எதை நம்புவது என்றார். பதில் இல்லை. தூத்துக்குடியில் திருத்தம் வாங்கி, கப்பல் கம்பெனி வழியாகத் திருத்திய காகிதம் வர ஆறு நாள். இலவச நாட்கள் தீர்ந்ததும் துறைமுகத்தில் பெட்டி கிடப்பதற்கு வாடகை, பெட்டியைக் காலி செய்து தராததற்குக் கப்பல் கம்பெனிக்கு இன்னொரு வாடகை. முதலாவதை டெமரேஜ் என்றும் இரண்டாவதை டிடென்ஷன் என்றும் பொதுவாகச் சொல்வார்கள். இரண்டும் நாளாக ஆக ஏறும். வெள்ளவத்தையில் லாட்ஜ் வாடகை தனி.

எனவே ஆர்.சி., கார்னே, ஷிப்பிங் பில், பி.எல். (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் காகிதம்) நாலையும் மேஜையில் விரித்து, வீட்டில் ஒருவரை எண்ணை உரக்கப் படிக்கச் சொல்லி, நீங்கள் விரல் வைத்துப் பாருங்கள். போனில் பார்க்காதீர்கள்.

இங்கே போட்ட இன்ஷூரன்ஸ் அங்கே செல்லுமா?

நம் பாலிசி இந்தியாவுக்குள் மட்டும். கூடுதல் பிரீமியம் கட்டினால் இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், மாலத்தீவு வரை எல்லையை நீட்டிக் கொடுக்கும் பிரிவு உண்டு. கேட்டு வாங்க வேண்டும். பல கிளைகளில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் அந்த நீட்டிப்பில் கடலில் போகும்போது ஏற்படும் சேதம் சேராது. கப்பலுக்கு மரைன் இன்ஷூரன்ஸ் தனியாக எடுக்க வேண்டும். இலங்கை ரோட்டில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், அங்கே போய் அந்நாட்டுக் கம்பெனியிலேயே ஒன்று எடுத்துவிடுவது போலீஸ் முன் பேச்சைக் குறைக்கும்.

மரைன் எதற்கு, ஒரு ராத்திரிதானே என்று கேட்டார் சித்தப்பா. கப்பலுக்கு ஆபத்து வந்து, கப்பலைக் காப்பாற்றச் சில பெட்டிகளைக் கடலில் தள்ள வேண்டி வந்தால், அந்த நஷ்டத்தைக் கப்பலில் சரக்கு வைத்திருக்கும் எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது கடல் வாணிபத்தின் பழைய சட்டம். உங்கள் வண்டிக்குக் கீறல்கூட விழாவிட்டாலும் உங்கள் பங்கைக் கட்டிய பிறகே பெட்டியைக் கொடுப்பார்கள். மரைன் பாலிசி அதையும் பார்த்துக்கொள்ளும். மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். 50 வயது வண்டிக்கு அவர்களாகப் போடும் மதிப்பு பழைய இரும்பு விலைதான்.

லைசென்ஸ்?

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, ஐ.டி.பி., நம் ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே கிடைக்கும். பாஸ்போர்ட், விசா, படிவம் 4ஏ, 1,000 ரூபாய். ஒரு வருடம் செல்லும். இலங்கையில் அது மட்டும் போதாது, அங்கே அதற்கு ஓர் அங்கீகாரம் வாங்க வேண்டும். அங்குள்ள தமிழில் லைசென்ஸுக்கு ‘சாரதி அனுமதிப்பத்திரம்’ என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது.

வண்டியின் பின்னால் நீள்வட்ட வெள்ளைப் பலகையில் கறுப்பில் ‘ஐஎன்டி’ என்று ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், எழுத்து உயரம் 80 மில்லிமீட்டருக்குக் குறையாமல். நம்பர் பலகையைத் தமிழில் எழுதி வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

வண்டியை எப்படித் தயார் செய்தீர்கள்?

புதுசாக எதையும் செய்யாமல் இருந்தேன் என்பதுதான் உண்மை. பயணத்துக்கு முன் இன்ஜினைப் பிரித்துக் கோத்துப் பளபளப்பாக்கிக் கொண்டுபோகிறவர்கள் வழியில் நிற்பார்கள். பிரித்த வண்டி செட்டாக ஆயிரம் கிலோமீட்டராவது ஓட வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பே செய்யுங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

நான் பார்த்தது பிரேக்கும் தண்ணீரும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். வீல் சிலிண்டர் ரப்பர்கள் மாற்றினேன், பிரேக் ஆயில் புதிதாக ஊற்றினேன். ரேடியேட்டரைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். ஓஸ் பைப் எல்லாம் புதுசு. கிரீஸ் நிப்பிள் ஒன்றுவிடாமல் அடைப்பு எடுத்தோம். சீட் பெல்ட் பொருத்தினேன், வண்டி வந்தபோது அது கிடையாது.

சோதனை ஓட்டத்துக்கு நம் ஊரைப்போல இடம் வேறு எங்கும் இல்லை. மலை வேண்டுமென்றால் தென்காசி, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறக்கம், தென்மலை, புனலூர். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் டிரம் சூடேறிப் பிடிக்காமல் போகும்; இரண்டாவது கியரில் இன்ஜினே பிடித்து நிறுத்தும்படி இறங்கிப் பழகிக்கொள்ளுங்கள். வெயில் வேண்டுமென்றால் சித்திரையில் மத்தியானம் இரண்டு மணிக்கு நாங்குநேரி, வள்ளியூர் வழியாகக் காவல்கிணறு வரை போய், டீ குடித்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்து பாருங்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் இழுக்காமல் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். நின்றால் ஈரத்துணியைப் பெட்ரோல் பம்ப் மேல் சுற்றிப் பத்து நிமிடம் காத்திருங்கள். காற்று வேண்டுமென்றால் ஆனியில் ஆரல்வாய்மொழிக் கணவாய். காற்றாடிகள் சும்மா அங்கே நிற்கவில்லை. ஸ்டியரிங்கில் ஆட்டம் எவ்வளவு என்று அங்கே தெரியும்.

ஒரு கொசுறு: டி.வி.எஸ். என்ற பெயரின் முதல் எழுத்தே நம் நாங்குநேரிப் பக்கத்துத் திருக்குறுங்குடி. 1877இல் அங்கே பிறந்த சுந்தரம் ஐயங்கார் மதுரைக்குப் போய் பஸ் விட்டார். மோட்டார் விஷயத்தில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

என்னென்ன ஸ்பேர் கொண்டுபோக வேண்டும்?

பிளாட்டினம் பாயிண்ட், கண்டென்சர் இரண்டு செட், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, காயில், ஃபேன் பெல்ட், ஹெட் கேஸ்கட், பெட்ரோல் பம்ப் ரிப்பேர் கிட், ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் பிளேட். நான் உபயோகித்தது கண்டென்சர் ஒன்று மட்டும். அம்பாசிடர் பிறப்பில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, அதன் 1489 சி.சி. இன்ஜினும் மோரிஸ் கார்களைச் செய்த பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் வடிவமைப்பு. இலங்கையில் இன்றும் மோரிஸ் மைனர்கள் நிறைய ஓடுவதால் இந்த வகை இன்ஜினைப் பார்த்து மிரளாத மெக்கானிக்குகள் உண்டு. கொழும்பு பஞ்சிகாவத்தையில் வரிசையாக ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். அங்கே கிடைக்காதது இல்லை என்பார்கள். கண்டென்சர் வாங்கப் போன நான் அரை நாள் அங்கேயே சுற்றினேன். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் 70 வயது முஸ்லிம் பெரியவர் ஒருவர் பானட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, டேப்பெட் சத்தம் கூடுதல் என்று காசு வாங்காமலே சரிசெய்து கொடுத்தார்.

பெட்ரோல் எப்படி?

இலங்கையில் 92, 95 ஆக்டேன் என்று இரண்டு உண்டு. 92 போதும். நம் ஊர் 20 சதவீத எத்தனால் பெட்ரோல்தான் பழைய ரப்பருக்கு ஆகாது. எத்தனால் தாங்கும் ஓஸ் போடுங்கள், வண்டியை மாதக்கணக்கில் டேங்க் நிறைய வைத்து நிறுத்தாதீர்கள்.

இலங்கையில் எந்த வழியில் போனீர்கள்?

கொழும்பிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியா, திரும்பக் கண்டி வந்து ஏ9 ரோட்டில் யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் வழியாகக் கொழும்பு. இடதுபக்க ஓட்டம், நம்மைப்போலவே. ஊருக்குள் 50, வெளியே 70 கிலோமீட்டர்தான் வேக வரம்பு. அம்பாசிடருக்கு அளவெடுத்துச் சட்டை தைத்த மாதிரி.

கடுகண்ணாவை ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கியது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிந்து கார்பரேட்டரில் பெட்ரோல் கூடுதலாகி, ஐடிலிங்கில் குலுங்கும். ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகினால் சரியாகும், இறங்கியதும் பழையபடி வைக்க மறக்கக்கூடாது. நான் மறந்தேன்.

தேயிலைத் தோட்டங்களின் நடுவே நிறுத்தும்போதெல்லாம் ஆட்கள் கூடுவார்கள். வண்டியைப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்பார்கள். திருநெல்வேலி என்றதும் ஒரு பாட்டி, அவருடைய அப்பா அம்பாசமுத்திரம் பக்கம், ஊர்ப் பெயர் தெரியாது, ஆற்றங்கரையில் வீடு என்றார். எங்கள் ஊரில் எல்லா ஊரும் ஆற்றங்கரைதான் பாட்டி என்றேன். டீ கொடுத்தார். அன்று மேற்கொண்டு 20 கிலோமீட்டர்தான் ஓட்டினோம்.

ஏ9 ரோடு நேர்க்கோடு. வவுனியா தாண்டி ஆனையிறவு வரை எதுவும் சொல்வதற்கில்லாமல் ஓடும். யாழ்ப்பாணத்தில் பழைய ஆஸ்டின், மோரிஸ்காரர்கள் நம் வண்டியை மாமன் மகன் வந்த மாதிரி வரவேற்றார்கள்.

வண்டி அங்கேயே கெட்டுப்போனால், விட்டுவிட்டு வரலாமா?

கூடாது. கார்னே கொடுத்துப் போன வண்டி, இன்ஜின் வெடித்தாலும் லாரியில் ஏற்றியாவது வெளியேற வேண்டும். எரிந்து சாம்பலானாலும் சரி, திருடு போனாலும் சரி, சுங்கத்திடம் சான்றுகளோடு நிரூபிக்காவிட்டால் வரி உங்கள் தலையில். வண்டியைத் திரும்ப அனுப்பும் பணத்தைப் புறப்படும் முன்பே தனியாக எடுத்து வைத்துவிட்டேன். மூன்று வாரமும் அதைத் தொடவில்லை.

மலேசியா, லண்டன், ஆஸ்திரேலியா?

மலேசியாவுக்குப் பெட்டியில் அனுப்பலாம், இடதுபக்க ஓட்டம்தான். அங்கிருந்து ரோடு வழியே தாய்லாந்து போக நினைத்தால் அந்நாட்டில் வெளிநாட்டு வண்டிகளுக்கு ஏஜென்சி மூலம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

பிரிட்டனில் சுற்றுலா வருபவர் தன் வண்டியை 12 மாதத்தில் 6 மாதம்வரை அங்கே பதியாமல் ஓட்டலாம். ஐரோப்பாவுக்குள் கடந்தால் வலதுபக்க ஓட்டம். நம் முகப்பு விளக்கு இடப்பக்கம் சாய்ந்திருப்பதால் எதிரே வருபவர் கண்ணைக் குத்தும், கண்ணாடியில் ஒட்டும் தடுப்பு வேண்டும். முந்திச் செல்ல இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் கண். அவர் தூங்காதவராக இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவை மறந்துவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். அங்கே கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த எந்தப் பொருளுக்கும் 2003 கடைசியிலிருந்து முழுத் தடை. பழைய பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், கேஸ்கட் எல்லாவற்றிலும் கல்நார் இருக்கலாம். இல்லை என்று பரிசோதனைச் சான்றோடு நிரூபிக்க வேண்டும். சேற்றுத்துளி, விதை, பூச்சி ஒட்டியிருந்தாலும் மறிப்பார்கள்.

எல்லாம் சேர்த்து எவ்வளவு செலவு?

வண்டியை விற்றால் கிடைப்பதைவிட அதிகம். பெட்டி வாடகை, இரு பக்கத்து ஏஜென்ட், இரு பக்கத்துத் துறைமுகக் கட்டணம், கார்னே கட்டணம், இரண்டு மூன்று இன்ஷூரன்ஸ், விமான டிக்கெட். கப்பல் கூலி மட்டும் கேட்டுக்கொண்டு கணக்குப் போட்டவர்கள் ஏமாறுவார்கள். கப்பல் கூலி சின்னது, கரைக்கூலிதான் பெரியது.

அந்தக் காசுக்கு அங்கே ஏ.சி. கார் வாடகைக்கு எடுத்திருக்கலாமே?

என் மாமியார் கேட்ட கேள்வி. எடுத்திருக்கலாம்.

திரும்பி வந்த பிறகு என்ன வேலை?

கொழும்பில் பெட்டிக்கு சீல் வைக்கும் முன் கார்னேயில் வெளியேறும் முத்திரை விழுந்ததா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். ஏஜென்ட் சொன்னால் போதாது. விடுபட்டால், வண்டி ஊருக்கு வந்துசேர்ந்துவிட்டது என்று இங்கே சுங்கத்தில் காட்டி இருப்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டியிருக்கும். அது தனி அலைச்சல்.

தூத்துக்குடியில் இறங்கியதும் இங்கிருந்து போன ஷிப்பிங் பில்லை காட்டுங்கள், நம் வண்டிதான் திரும்பி வருகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அசலைப் பத்திரமாக வைத்திருங்கள். வீட்டுக்கு வந்த அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மூன்று நாள் கழித்து நான் பிரேக் டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோது உப்புக் காற்றில் லேசாகத் துரு பிடித்திருந்தது.

அப்புறம் கார்னே புத்தகத்தைப் பதிவுத் தபாலில் மோட்டார் சங்கத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பக்கமும் நகல் எடுத்துக்கொண்டு அனுப்புங்கள். அவர்கள் சரிபார்த்துக் கடிதம் கொடுத்த பிறகுதான் பேங்க் அந்தக் கியாரண்டியை விடுவிக்கும். எனக்குக் கடிதம் வர ஏழு வாரம் ஆனது. அதை எடுத்துக்கொண்டு பேங்குக்கு அம்பாசிடரில்தான் போனேன். மேனேஜர் கடிதத்தைப் பார்க்கும் முன் வெளியே வந்து வண்டியைப் பார்த்தார்.